பிரிக்காமல் தேற்றுங்கள்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வீட்டு வைத்தியம்

பழைய ஜீப் ஒன்று வாசலுக்கு வந்து சேர்ந்ததும் கை பரபரக்கும். ஸ்பேனரை எடுத்து, கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எலும்புக்கூடாக நிற்கும் வரை ஓயாது. பாதி பிரித்த நிலையில், நாலு சாக்கு நட்டு போல்ட்டோடு விற்பனைக்கு வரும் வண்டிகளுக்குப் பின்னால் இப்படிப் பரபரத்த ஒரு கைதான் இருக்கும். பிரிக்க ஒரு வாரம் போதும். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று மறக்க ஒரு மாதம் போதும்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. வண்டி முழு உருவில் நிற்கட்டும். முதலில் எஞ்சினுக்கு உயிர் வரட்டும், பிறகு பிரேக் பிடிக்கட்டும், பிறகு நான்கு சக்கரமும் இழுக்கட்டும். பெயின்ட் கடைசி. ஒரு பகுதியைக் கழற்றினால், அதைச் சரிசெய்து பூட்டிய பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். சேசிஸ் உளுத்துப்போயிருந்தால் மட்டும் இந்த வரிசை செல்லாது. எனவே அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

சேசிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். இதில் யோசிக்க எதுவுமில்லை.

அடுத்து ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு பழைய திருப்புளியும். சேசிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இடம் சத்தத்தை விழுங்கிவிடும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயின்ட்டும் துருவும்தான் இருக்கிறது. பட்டை ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், சக்கரங்களுக்கு மேலே சேறு அடையும் மூலைகள் ஆகிய மூன்றிலும் கருணையே காட்டாதீர்கள். பெட்டி வடிவச் சேசிஸ் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது கதை பாதி முடிந்திருக்கும்.

பளபளக்கும் பாடியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 1948இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவரின் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள்; போருக்குப் பிறகு இரும்புத் தகட்டுக்கு இருந்த தட்டுப்பாடு ஒரு காரணம். அந்த வரிசை வண்டிகளில் மேலே துருவே தெரியாது, கீழே உள்ள இரும்புச் சேசிஸ் மட்டும் மாவாகியிருக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும்.

தாங்கிகள் இரண்டு மூன்று இடத்தில் போயிருந்தால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பிரதான சட்டங்கள் இரண்டும் போயிருந்தால், முதல் வண்டியாக அது வேண்டாம்.

படி 2: கருவியும் உயிர்ப் பாதுகாப்பும்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய வண்டி நிற்க வேண்டியது ஆக்ஸில் ஸ்டாண்டின் மேல். செங்கல்லின் மேல் அல்ல, அது சொல்லாமல் உடையும்.

பழைய ஜீப் வகை வண்டிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், ஷாஃப்ட் நின்றாலும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கமும் சுழலும். வண்டி ஜாக்கியிலிருந்து நகர்ந்து இறங்கும். கைப்பிரேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே தூக்குங்கள்.

பேட்டரியில் எர்த் கேபிளை (வண்டியின் உடலோடு இணைந்தது) முதலில் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், ஆகவே நிறத்தை நம்பாமல் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்மைக் கழற்றியதும் வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஸ்பேனர் வாங்கும் முன் உங்கள் வண்டியின் மரை என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மில்லிமீட்டரா, அங்குலமா, பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த்தா? விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த அளவு நட்டின் தலையைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனர்தான் நட்டின் மூலைகளைத் தின்னும். துருப்பிடித்த நட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், ஆறு முனைதான்.

படி 3: அசையாத போல்ட்டை அசைப்பது

புதிதாக இறங்குபவர் மனம் உடைவது இங்கேதான்.

கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். விட்டுவிட்டுப் போய்விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை, அதற்கு மறுநாளும் ஒரு முறை. இடையில் போல்ட் தலையில் சுத்தியலால் சில தட்டு. அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். கழற்றும்போது முதலில் துளி இறுக்கிப் பாருங்கள். துருப் பிடிப்பு இறுக்கும் பக்கமாக உடைந்தாலும் உடைந்ததுதான். அசைந்ததும் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி, இப்படி முன்னும் பின்னுமாக. இதற்கும் மசியாவிட்டால் சூடு. நட்டைச் சுற்றிச் சூடேற்றினால் அது விரிந்து போல்ட்டை விடும். பெட்ரோல் குழாய், ரப்பர், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இருந்தால் சூட்டை மறந்துவிடுங்கள்.

ஒரு கதை. என் முதல் வண்டியில் இடப்பக்கச் சக்கர நட்டு கழலவேயில்லை. நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி, மேலே ஏறி நின்று மிதித்தேன். இரண்டு ஸ்டட் முறிந்த பிறகுதான், மூன்றாவது ஸ்டட்டின் முனையில் மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அரை மணி நேரமாக இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இப்படித்தான் இருக்கும். நீங்கள் முதலிலேயே குனிந்து பாருங்கள்.

கழற்றிய ஒவ்வொன்றும் தனிப் பையில், பெயர் எழுதி. கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம்.

படி 4: எஞ்சினை எழுப்புவது

பல வருடம் நின்ற எஞ்சினில் சாவியைத் திருப்பவே கூடாது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லையா? பலத்தைக் கூட்டாமல் நாட்களைக் கூட்டுங்கள். வாரக் கணக்கில் ஊறி அசைந்த எஞ்சின்கள் உண்டு.

முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி இருந்தால் ஒரு எச்சரிக்கை: கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஹேண்டிலின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

பெட்ரோல் எஞ்சின் என்றால் அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. கிடைக்கும் எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பது முக்கியம். சுமார் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். டீசல் எஞ்சினின் அழுத்தம் மிக அதிகம், பெட்ரோல் கேஜ் அதற்கு ஆகாது.

டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை வீசும். அதைத் தொடாமல், சுத்தமான சிறிய கேனிலிருந்து தற்காலிகக் குழாய் வழியாகப் பெட்ரோல் கொடுங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழுவி, தீப்பொறியைத் தூண்டும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள், பெரும்பாலும் 0.35 முதல் 0.5 மி.மீ.க்குள் வரும். எஞ்சின் பிடித்ததும் கண் ஆயில் பிரஷர் முள்ளிலேயே இருக்கட்டும். சில வினாடிகளில் ஏறாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் தெருவைச் சுற்றிவரத் தோன்றும். பிரேக் இன்னும் இல்லை.

படி 5: பிரேக்

இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். ரப்பராக இருப்பது அத்தனையும் மாற்றுங்கள்: ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர், மாஸ்டர் சிலிண்டர் கிட். சிலிண்டரின் உட்சுவரில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு இருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்புதான். ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போகும்.

டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். திறந்து வைத்த பழைய டப்பாவை எறிந்துவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3, டாட் 4 பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். பெடல் பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

படி 6: நான்கு சக்கரமும் இழுக்க

கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது, அந்த முறுக்கு கியர்களில் ஏறும். அதனால் தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள், நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும்.

வேலை செய்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டுங்கள். டூ வீல் நிலையில் தூக்கிய சக்கரம் கையால் சுற்றும், முன் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றும். ஃபோர் வீல் லீவரைப் போட்டால் சக்கரம் நின்றுவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் ஹப், லீவர் இணைப்பு, டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் சக்கரம் திரும்பும் உருண்டையான மூட்டு இருக்கும். பல வண்டிகளில் அதற்குள் கிரீஸ்தான் இருக்க வேண்டும். கிரீஸ் கூழாகி வழிந்தால், டிஃபரன்ஷியல் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கலக்கிறது என்று பொருள். மேலே எத்தனை முறை துடைத்தாலும் சீல் மாற்றும் வரை வழியும்.

ஆக்ஸில் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு காற்றுத்துளை மூடி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அது சேற்றில் அடைத்துக்கொண்டால், சூடான ஆக்ஸில் ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷியல் ஆயில் வெளுத்திருந்தால் முதலில் இந்த மூடியைப் பாருங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு பாதியிலும் பஞ்சால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரு பாதியும் செருகும் பல்வரிசையான ஸ்பிளைனில் ஒரு பல் மாறிச் செருகினாலும் இரு முனையிலும் உள்ள கவை போன்ற யோக்குகளும் நேர்கோட்டில் நிற்காது, வேகமெடுத்தால் வண்டி நடுங்கும். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 வகை ஆயில் என்று கையேடு சொன்னால் ஜி.எல்.5 ஊற்ற வேண்டாம். அதில் உள்ள கந்தகச் சேர்க்கை கியர் மாற்ற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களைத் தின்னக்கூடும். டிஃபரன்ஷியலுக்குள் உள்ள பல்சக்கரங்களான கிரௌன் வீல், பினியன் இரண்டும் சத்தம் போடாமல் ஓடினால் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: ஒயரிங்

விளக்கு மங்கல், ஹாரன் கரகரப்பு போன்ற பாதிக் கோளாறுக்கு எர்த்தில் ஏறிய துருதான் காரணம். எர்த் முனைகளை வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். மிச்ச ஒயர்களை ஒவ்வொரு இணைப்பாக, ஃபியூஸ் வைத்து மாற்றுங்கள்.

படி 8: துருவும் பெயின்ட்டும்

பட்டி பூசி ஓட்டையை மூடினால் ஓட்டை போகாது, மறையும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். குளோரின் கலந்த கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பெட்ரோல் டாங்கை, காலியானதாக இருந்தாலும், வீட்டில் பற்றவைக்காதீர்கள்.

சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு நீக்கலாம். பாகம் நெகட்டிவில், வேண்டாத இரும்புத் துண்டு பாசிட்டிவில். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜனும் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதை ஸ்பிரே செய்வதைத் தனிக் காற்று வசதி உள்ளவரிடம் விடுங்கள். எல்லாம் முடிந்ததும் சேசிஸ் பெட்டிக்குள் மெழுகு தெளியுங்கள்.

படி 9: முதல் ஓட்டம்

பட்டை ஸ்பிரிங்கில் ரப்பர் புஷ் மாற்றியிருந்தால், அதன் போல்ட்டுகளை வண்டி சொந்தக் காலில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அது கிழட்டு ரப்பர்.

காலியான இடத்தில், நடக்கும் வேகத்தில், பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். பிறகு பத்து கிலோமீட்டர். இறங்கியதும் நான்கு ஹப்பையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கே பேரிங் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் பிரேக் விடவில்லை. சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங்கின் யூ-போல்ட்டுகளையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் எந்த இடத்துக்கு நேராகச் சொட்டு விழுந்திருக்கிறதோ, அடுத்த வேலை அங்கே.