எத்தனை பிரதி? ஓவியமும் டிசைனும் வாங்கும்போது, விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவல்லிக்கேணியில் தாத்தா வீட்டுப் பூஜையறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி படம் ஒன்று உண்டு. புடவைக்கு மட்டும் யாரோ சரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருப்பார்கள். "ரவிவர்மா ஒரிஜினல்டா, வித்தா அண்ணா நகர்ல ஃபிளாட் வாங்கலாம்" என்பார் பெரியப்பா. பாகப்பிரிவினை வந்தபோது வீட்டைவிட அந்தப் படத்துக்குத்தான் இழுபறி அதிகம். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். லட்சுமியின் கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அச்சுப் படம்.

ஓவியர் பெயரைக் கேட்டதும் விலையைக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சு அச்சகம் தொடங்கினார். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று மாற்றி மாற்றி அச்சடித்து, எண்ணெய் ஓவியம்போல மினுங்க வார்னிஷும் பூசுவார்கள். தொழில் கட்டுப்படியாகாமல், சில வருடங்களில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு அதை விற்றுவிட்டார். 1906-இல் ரவிவர்மா இறந்த பிறகும் அதே பெயரில் அச்சகம் ஓடியது. ஆக, படத்தின் அடியில் 'ரவிவர்மா பிரஸ்' என்று இருந்தாலும் அதை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது சாத்தியம். அந்தப் பழைய கல்லச்சுப் படங்களையும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பழைய அச்சுக்குக் கிடைக்கும் விலை. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் கல்லச்சாக இருக்கலாம். வரிசை பிசகாமல் வலைபோல் இருந்தால் பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சு.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். "இவ்வளவு அச்சடித்துவிட்டால் மூலத்துக்கு என்ன மதிப்பு?" என்பது அவர்கள் வாதம். ரவிவர்மா விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பூஜையறை, மளிகைக் கடை, தீப்பெட்டி என்று அவர் பாணி போகாத இடமில்லை. அப்படியும் 1979-இல் அவருடைய ஓவியங்களை அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. மூல ஓவியம் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அடி வாங்கியது விலை இல்லை, மரியாதை. 'காலண்டர் ஓவியர்' என்று விமர்சகர்கள் வெகுகாலம் உதட்டைப் பிதுக்கினார்கள். சந்தையும் மரியாதையும் ஒரே தராசில் நிற்பவை என்று நினைத்தால் கணக்கு தப்பும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவருடைய மூல ஓவியங்கள் இருக்கின்றன. ஒருமுறை பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பாருங்கள். பட்டுப்புடவை மடிப்பில் வண்ணம் எங்கே கனக்கிறது, எங்கே இழைகிறது என்பது எந்த அச்சிலும் வராது.

இன்னொரு தவறு, 'லிமிடெட் எடிஷன்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் பர்ஸைத் திறப்பது. இங்கே இரண்டு வேறு வேறு சரக்கு ஒரே பெயரில் விலைபோகிறது. ஒன்று, பதிப்போவியம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் பட்டறை போன்ற இடங்களில், ஓவியர் தகட்டிலோ கல்லிலோ தானே வேலை செய்து எடுப்பது. அதற்கு முந்தைய 'மூலம்' என்று தனியாக ஒன்றும் கிடையாது. எடுக்கும் ஒவ்வொரு தாளும் மூலம்தான். ஓரத்தில் பென்சிலால் 7/25 என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். இருபத்தைந்தில் ஏழாவது. மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தை ஸ்கேன் செய்து கேன்வாஸில் இங்க்ஜெட்டில் அடிப்பது. இதற்கு ஜிக்ளே என்று பிரெஞ்சுப் பெயர் வைத்துவிட்டால் விலையில் ஒரு பூஜ்யம் கூடிவிடும். சுவருக்கு அழகுதான், வாங்குங்கள். ஆனால் மொத்தம் எத்தனை, வேறு அளவில் வேறு எடிஷன் வருமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் அது போஸ்டர், போஸ்டர் விலைதான் கொடுக்க வேண்டும்.

சிற்பத்திலும் இதே 'எத்தனை பிரதி' கேள்விதான். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிற்கிறது, டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் வாசலிலும் ஒன்று நிற்கிறது. எது நகல் என்ற சண்டைக்கே இடமில்லை. வெண்கலத்தில் ஒரே அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுப்பது வழக்கம். பிரான்சில் பன்னிரண்டு வார்ப்பு வரைக்கும்தான் மூலச் சிற்பம் என்று கணக்கு. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். நூறு நடராஜர் செய்தாலும் நூறும் தனித்தனி.

வாங்குகிறவர்கள் செய்யும் இன்னொரு பிழை: காசு கொடுத்துப் படத்தை வாங்கிவிட்டால் எல்லா உரிமையும் வந்துவிட்டது என்று நினைப்பது. ஓட்டல் முதலாளி ரிசப்ஷனில் மாட்டிய ஓவியத்தையே மெனு கார்டிலும் புத்தாண்டுக் காலண்டரிலும் போடுவார். படம் அவருடையது, பதிப்புரிமை ஓவியருடையது. ஓவியர் இறந்து 60 ஆண்டுவரை அது நிற்கும். உரிமையை எழுத்தில்தான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஓவியத்தின் மூலப் பிரதி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு 10 சதவீதம்வரை பங்கு என்றுகூட அதே சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கிய ஓவியரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

டிசைன் போடுகிறவர்கள் செய்யும் தவறு இதைவிடச் செலவு வைக்கும். என் கதையையே சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு கடைக்காக, சிக்குக் கோலத்தை உடைத்து அடுக்கித் துணிப்பைக்கு ஒரு டிசைன் போட்டேன். 300 பை அடித்தார்கள், நவராத்திரிக்குள் தீர்ந்தது. தை மாதம் பாரிமுனையில் அதே டிசைன், பாதி விலைக்கு, கயிற்றில் தொங்கியது. வக்கீலிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை அடிச்சீங்க?"

வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் அடித்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. சுவரில் மாட்ட வரைந்த ஓவியம் வேறு, பையில் அடிக்கவே போட்ட டிசைன் வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்ப்பது உண்டு. என் சிக்குக் கோலத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்றார் வக்கீல். பதிவு செய்திருந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அதையும் சரக்கு வெளியே வருமுன் செய்ய வேண்டும், வந்தபின் புதியது என்று சொல்ல முடியாது. கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்குப் போகாமல் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இத்தனையும் கேட்டுவிட்டு அச்சே பாவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் முருகனும் மீனாட்சியும் சிவகாசிக் காலண்டரில் வந்ததால்தான் நம் வீடுகளுக்கு வந்தார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மற்றவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் ஓவியம் வரையக் காசு தேற்றினார்கள். எரிச்சல் வருவது, அச்சை அச்சு என்று சொல்லாதபோது. பிரிண்ட் எடுத்து மேலே கல்லும் ஜிகினாத் தாளும் ஒட்டி, கையால் வரைந்த தஞ்சாவூர் ஓவியம் என்று விற்கும்போது, பலகையில் துணி ஒட்டி, மேடு கட்டி, தங்கத் தாள் பதித்து வாரக்கணக்கில் உட்கார்ந்தவரின் விலைதான் இறங்குகிறது.

கடைசியாக, பிரேம் கடையில் நடப்பது. பழைய படம், பதிப்போவியம் எதைக் கொடுத்தாலும் "ஓரத்தை வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அச்சகத்தின் பெயர், பென்சில் எண், கையெழுத்து எல்லாம் அந்த வெள்ளை ஓரத்தில்தான். எங்கள் லட்சுமிக்கு எப்போதோ கண்ணாடி மாற்றியபோது சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் கத்தரித்துவிட்டார்கள். எந்த அச்சகம், எந்த வருடம், ஒன்றும் தெரியாது. யாருக்கும் பங்கு வேண்டாம் என்றானபின் படம் பெரியப்பா வீட்டுக்கே போனது. வருகிறவர்களிடம் இன்னும் ஒரிஜினல் என்றுதான் சொல்கிறார்.