மாதவிடாய் நின்னதுக்கப்புறம் எலும்பை எப்படி பாத்துக்கறது

எலும்பு தேயறது வலிக்காதுங்க, அதுதான் இதுல பெரிய பிரச்சனையே. மூட்டு வலி வேற, இது வேற. பீரியட்ஸ் நின்னதும் எலும்பைக் காப்பாத்தற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் குறையுது, முதல் சில வருஷம் எலும்பு கரையற வேகம் ரொம்ப அதிகம். ஆபரேஷன்ல சினைப்பையும் சேத்து எடுத்தவங்களுக்கு அப்பவே ஆரம்பிச்சிடும், அவங்க 50 வயசு ஆகட்டும்னு இருக்கவே கூடாது.

முதல்ல உயரத்தைப் பாருங்க. கணுக்கால் வரைக்கும் இருந்த நைட்டி இப்ப தரையில இழுபடுதா? ஒன்றரை இஞ்சுக்கு மேல குறைஞ்சிருந்தா முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம், டாக்டர்கிட்ட எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன் கேளுங்க. ஊசியெல்லாம் கிடையாது, கால் மணி நேரம் படுத்தா போதும். ரிப்போர்ட்ல டி ஸ்கோர்னு எலும்பு அடர்த்திக்கு ஒரு நம்பர் இருக்கும், அது மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு தேய்மான நோய். கேம்ப்ல குதிகாலை வச்சு பாக்கற மெஷினை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

சாப்பாட்டுல ஒரு நாளைக்கு சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் வேணும். 100 கிராம் கேழ்வரகுலயே 350 கிட்ட இருக்கு, கூட தயிர், முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோட நெத்திலி. எல்லாருக்கும் பரிமாறிட்டு மிச்ச ரசம் சாதத்தோட முடிச்சுக்கறத தயவுசெஞ்சு விடுங்க, முட்டையோ பருப்போ சுண்டலோ உங்க தட்டுலயும் இருக்கணும்.

மாத்திரைலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கால்சியம் கார்பனேட்னா சாப்பாட்டோட போடணும், ஒரே தடவைல 500 மில்லிகிராமுக்கு மேல உடம்பு சரியா எடுத்துக்காது. தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் 4 மணி நேரம் கேப் விடணும், காலைல ரெண்டையும் சேத்து முழுங்கினா தைராய்டு மாத்திரை சரியா வேலை செய்யாது. வைட்டமின் டி 60,000 யூனிட் டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான், நல்லாயிருக்கேன்னு நீங்களா தொடர்ந்து போட்டா கால்சியம் ஏறி கிட்னிக்கு ஆபத்து. எலும்பு கரையறதைக் குறைக்கற அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒண்ணு குடுத்திருந்தா வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட போட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், படுத்தா உணவுக்குழாய் புண்ணாகலாம், காபி கூட அதுக்கப்புறம்தான்.

நடக்கறது நல்லதுதான் ஆனா அது மட்டும் பத்தாது. சேர்ல கைய ஊணாம எழுந்து உக்காருங்க, மாடிப்படி ஏறுங்க. ஏற்கனவே முதுகெலும்பு நசுங்கியிருந்தா குனிஞ்சு கால் விரலைத் தொடற பயிற்சி வேண்டாம்.

பாத்ரூம்ல இன்னைக்கே சுவத்துல கைப்பிடி போடுங்க, வழுக்காத மேட், ராத்திரி எந்திரிச்சா தெரியற மாதிரி ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, ஓரம் மடங்கற கால்மிதியை எடுத்துடுங்க. லேசா வழுக்கி விழுந்ததுக்கே மணிக்கட்டு உடைஞ்சிருந்தா மாவுக்கட்டு போட்டதோட விட்டுடாதீங்க, கட்டு பிரிக்கப் போற அன்னைக்கே டெக்ஸாவுக்கு எழுதிக் கேளுங்க.