வெளிநாட்டில் மனை வாங்கி வீடு கட்டப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வெளிநாட்டில் மனை தேடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அப்புறம் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். ‘இது என் பெயரில் வருமா, வந்தால் இதில் வீடு கட்ட விடுவார்களா’ என்ற கேள்வி பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் வருகிறது. இப்படி நஷ்டப்பட்ட எல்லோரும் மோசடிக்காரரிடம் சிக்கியவர்கள் அல்ல. பத்திரம் உண்மையானதாகவே இருக்கும், விற்றவரும் உண்மையான உரிமையாளராகவே இருப்பார். ஆனாலும் அங்கே வீடு எழும்பாது.

பெயரில் வருமா?

தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்க, மிகச் சில விலக்குகள் தவிர, வழியில்லை. இலங்கையில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. குத்தகை மட்டும் 99 ஆண்டு வரை எடுக்கலாம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் நேரடியாக வீட்டுமனை வாங்க முடியாது. ஒரு வங்கி உங்களுக்காக அதை ‘டிரஸ்ட்’ முறையில் தன் பெயரில் வைத்திருக்கும். அது சட்டப்படியான, நன்றாகப் புழங்கிய ஏற்பாடு. ஆனால் அதே கடற்கரையில் ‘எஹிதோ’ என்கிற கிராமப் பொதுநிலமும் விலைக்கு வரும். முறைப்படி தனியார் பட்டாவாக மாற்றப்படாத வரை அதை வெளியாள் வாங்க முடியாது. பக்கத்து மனையைவிட ரொம்ப மலிவாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

விதிகள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கனடா 2023 ஜனவரியில் வெளிநாட்டவர் குடியிருப்புச் சொத்து வாங்கத் தடை போட்டது, காலி மனையையும் சேர்த்து. அதே ஆண்டு மார்ச்சில் காலி மனையை விடுவித்தது. தடையோ 2027 தொடக்கம் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய நண்பரின் அனுபவத்தை நம்பி இன்று கையெழுத்துப் போடக்கூடாது.

பெயரில் வராது என்று தெரிந்ததும் தரகர் அடுத்த யோசனையை எடுப்பார்: உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிடலாம், இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். அப்பட்டமான பினாமி ஏற்பாடு இது. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது: முழு உரிமை நிலத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு மாற்றினால் அந்தப் பரிவர்த்தனை செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பாலியில் மனை பார்க்கும் பலருக்கு இந்த மூன்றாவது பகுதியை யாரும் சொல்வதில்லை. தாய்லாந்தில் பெயருக்குப் பங்குதாரர்களைச் சேர்த்து ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்குவதும் சட்டவிரோதம்தான். ‘பெயர் கொடுப்பவர் உங்களிடம் கடன் வாங்கியதாகப் பாதுகாப்புக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாம்’ என்பார்கள். சட்டத்தை ஏய்க்க எழுதிய பத்திரத்தைக் காட்டி எந்த நீதிமன்றத்தில் நியாயம் கேட்பது? பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தாலோ விவாகரத்து ஆனாலோ நீங்கள் பேச வேண்டியது அவருடைய வாரிசுகளிடம்.

இதைவிட நீண்ட குத்தகை எவ்வளவோ மேல், ஆனால் அதையும் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்க வேண்டும். தாய்லாந்தில் குத்தகையின் உச்சவரம்பு 30 ஆண்டு. விளம்பரத்தில் வரும் ‘30+30+30’ கணக்கில் முதல் முப்பதுதான் உரிமை, மற்றவை வெறும் வாக்குறுதி. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மேல் அது செல்லாது.

கட்ட விடுவார்களா?

என் கணிப்பில் பெரிய நஷ்டம் இங்கேதான் வருகிறது. வாங்குபவர் வில்லங்கம் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். நிலம் யாருடையது என்பதைத்தான் வில்லங்கம் சொல்லும், அதில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்லாது. அதற்குப் போக வேண்டியது வேறு அலுவலகம்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் அங்கே பொதுவாகத் தடையில்லாமல் நிலம் வாங்கலாம், விசாகூட தேவையில்லை. ஆனால் பொது விதிப்படி, நகரத் திட்டப் பகுதியில் உள்ள மனை குறைந்தது 4 மீட்டர் அகலச் சாலையை 2 மீட்டராவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடியாது. நம்ப முடியாத விலைக்கு வரும் வீட்டுமனைகளில் இந்த ரகம் நிறைய உண்டு. கிரீஸில் ஊர்த்திட்ட எல்லைக்கு வெளியே கட்ட, பொதுவாக 4,000 சதுர மீட்டர் நிலமாவது இருக்க வேண்டும். கடல் தெரியும் 2,000 சதுர மீட்டர் தோப்பில் ஆலிவ் பறிக்கலாம், குடியிருக்க முடியாது.

அனுமதி கையில் இருந்தால் போதுமா என்றால், யார் கொடுத்த அனுமதி என்று பார்க்க வேண்டும். ஸ்பெயினின் அல்மெரியா மாகாணத்தில், வேரா என்ற ஊரில் 2008-இல் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதியின் வீடு இடிக்கப்பட்டது. நகராட்சி உரிமம் கொடுத்திருந்தது. அந்த இடம் கிராமப்புற நிலம் என்று சொல்லி மாநில அரசு அதைச் சட்டப்படி எதிர்த்தது. கீழே கொடுத்ததை மேலே ரத்துசெய்ய முடியுமா, எதிர்க்கும் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று உங்கள் வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பிரான்ஸில், நீங்கள் நினைக்கும் கட்டடம் அந்த மனையில் சாத்தியமா என்று நகராட்சியிடம் கேட்டுச் சான்றிதழ் வாங்கலாம். அது 18 மாதம் செல்லும். அதோடு ஒப்பந்தத்திலேயே ‘கட்டட அனுமதி கிடைத்தால்தான் கிரயம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்’ என்ற நிபந்தனையையும் போடுவார்கள். பல நாடுகளில் இப்படி எழுத முடியும். விற்பவர் இதற்குக் கட்டோடு மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

சாலையையும் தண்ணீரையும் நேரில் போய்ப் பாருங்கள். மனைக்கும் சாலைக்கும் நடுவே இன்னொருவருடைய ஒரு சாண் நிலம் இருந்தாலும் வழிக்கு அவர் கேட்டதுதான் விலை. சாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில் மண் நீரை உறிஞ்சாவிட்டால் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். வேலியை எல்லை என்று நம்பாமல் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

யாருடைய வக்கீல்? எந்தக் கணக்கு?

விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம், அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி. நோட்டரி விஷயத்திலும் குழப்பம் வரும். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அவர் பெரிய சட்ட அதிகாரி, ஆனால் இரு தரப்புக்கும் பொதுவானவர். உங்களுக்காக மட்டும் வாதாடமாட்டார்.

பணம் அனுப்பும் நேரத்தில் ஒரு திருட்டு உண்டு. வக்கீலின் மின்னஞ்சலை உளவு பார்த்துக்கொண்டிருப்பவர், கடைசி நாளில் ‘வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது’ என்று அதே நடையில் ஒரு கடிதம் அனுப்புவார். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் வக்கீலைக் கூப்பிட்டு உறுதிசெய்யாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். உங்கள் நாட்டிலிருந்து எவ்வளவு பணம் வெளியே போகலாம் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். சீனாவில் வரம்பு 50,000 டாலர், அதையும் வெளிநாட்டுச் சொத்து வாங்கப் பயன்படுத்தக்கூடாது.

வாங்கிய பிறகு

ஆஸ்திரேலியாவில் அரசு ஒப்புதலோடு காலி மனை வாங்கும் வெளிநாட்டவர் பொதுவாக நான்கு ஆண்டுக்குள் வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், அதனால் ‘பத்து வருஷம் கழித்துக் கட்டலாம்’ என்ற திட்டம் அங்கே செல்லாது. பில்டருக்குத் தேதிவாரியாகப் பணம் கொடுக்காமல், அஸ்திவாரம், கூரை என்று முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததைப் பார்த்துச் சொல்பவர் பில்டரின் ஆளாக இருக்கக்கூடாது.

உயிலை யாரும் நினைப்பதில்லை. டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல், இறந்தவர் கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டப்படியே சொத்து வாரிசுகளுக்குப் போகும். அதற்குப் பதில் தன் குடியுரிமை நாட்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் எழுதிவைக்கலாம். கிரயத்தைப் பார்க்கும் வக்கீலிடமே இதையும் கேட்டுவிடுங்கள்.