ஆஃப்-ரோடு டயர்: தேர்ந்தெடுப்பது முதல் காற்று இறக்கி ஓட்டுவது வரை

மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது "என்ன டயர் மாத்தலாம்?" என்றுதான். டயர் கடைக்குப் போகும் முன் இரண்டு பொருள் வாங்கிவிடுங்கள்: காற்று அளக்கும் மீட்டர் ஒன்று, பேட்டரியில் மாட்டி ஓட்டும் சின்ன ஏர் கம்ப்ரசர் ஒன்று. கம்பெனி டயரிலேயே காற்றை 18 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) இறக்கினால் ஏறிவிடும் மணலில், விலை உயர்ந்த டயர் 32 பிஎஸ்ஐயில் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பட்டனைவிட (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) காற்றுக்குத்தான் வேலை அதிகம். இதைப் பழகிக்கொண்டால் டயர் தேர்வும் எளிதாகிவிடும்.

படி 1: வண்டி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

கடையில் மூன்று வகை கிடைக்கும். ஹெச்டி (ஹைவே டெரெய்ன்) தார்ச்சாலைக்கானது, சத்தம் குறைவு, மழைச்சாலையில் பிடி நன்றாக இருக்கும். எம்டி (மட் டெரெய்ன்) சேற்றுக்கும் பாறைக்குமானது. பெரிய பட்டன், நடுவே அகல இடைவெளி, தடித்த பக்கச்சுவர். ஏடி (ஆல் டெரெய்ன்) இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

வாரம் முழுக்க ஆபீஸ், மாதம் ஒருமுறை மலைப்பாதையோ மண்பாதையோ என்றால் ஏடி போதும், யோசிக்கவே வேண்டாம். எம்டி போட்ட வண்டி நெடுஞ்சாலையில் ஊளையிடும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். அதையெல்லாம்விட எனக்குக் கவலை, நனைந்த தார்ச்சாலையில் பிரேக் போட்டால் அது நிற்க எடுக்கும் தூரம்தான். குடும்பத்தோடு இரவில் மழையில் வருகிறவர்கள் தோற்றத்துக்காக எம்டி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம்டி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுக்குள் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல மழைக்குப் பிறகு கரிசல் மண் பிசின் மாதிரி ஒட்டும். ஏடி டயரின் சின்ன இடைவெளிகள் நாலு சுற்றில் அடைத்துக்கொண்டு, டயர் வழுவழுவென்று ஆகிவிடும். எம்டியின் அகல இடைவெளி, சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அந்த மண்ணை வெளியே வீசி எறியும். அப்படிப்பட்ட பாதைதான் உங்களுக்குத் தினசரி என்றால் எம்டி வாங்குங்கள். எப்போதாவது போகிறவர் என்றால் மழை விட்டு இரண்டு நாள் பொறுத்துப் போவதே நல்லது. ஈரத்தில் நாம் கிழித்துவைக்கும் தடம் காய்ந்து இறுகிவிட்டால், அந்த வண்டிப்பாதையை நம்பியிருக்கும் விவசாயிக்குத்தான் சிரமம்.

படி 2: பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஜிம்னியில் கம்பெனியிலிருந்து வருவது 195/80 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். இந்த எண்களுக்குப் பக்கத்தில் 96எஸ் என்று இருந்தால், ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும், உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர் என்று பொருள். புது டயரில் இந்தச் சுமை எண் பழையதைவிடக் குறையவே கூடாது.

பெரிய சைஸ் போட ஆசை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 195/80 ஆர்15 டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். ஜிம்னிக்காரர்கள் பலரும் விரும்பும் 215/75 ஆர்15 கிட்டத்தட்ட 703. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், பெரிய பாதிப்பு இல்லை. 3 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது நன்றாகவே தெரியும், பிக்கப் மந்தமாகும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உரசவும் செய்யலாம். எந்த சைஸானாலும், மாட்டிய பிறகு கடை வாசலிலேயே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். சைஸ் மாற்றினால் வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் சிக்கல் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

தயாரித்த தேதியையும் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் அது. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடை மூலையில் பல வருஷம் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: நான்கும் ஒன்றாக, முடிந்தால் ஐந்தும்

தாரின் 4x4 மாடலும் ஜிம்னியும் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கலாம். 4ஹெச் (நான்கு சக்கரமும் இயங்கும் வேகமான கியர் நிலை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். அதில் முன்னால் ஒரு உயரம், பின்னால் ஒரு உயரம் என்று டயர் இருந்தால், நேராகப் போகும்போதே டிரான்ஸ்ஃபர் கேஸில் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். இதே காரணத்தால்தான் காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் போடக்கூடாது என்கிறோம்.

ஸ்டெப்னியையும் அதே சைஸில் வாங்கிவிடுங்கள். காட்டுக்குள் பஞ்சரானால் உயரம் குறைந்த ஸ்டெப்னியோடு 4எல்லில் (நான்கு சக்கரமும் இயங்கும், மெதுவான, இழுவை கூடிய கியர் நிலை) ஏற முடியாது. மாட்டியபின் பேலன்சிங், அலைன்மென்ட், 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்குவது, அவ்வளவுதான்.

படி 4: காற்றை இறக்கப் பழகுங்கள்

சாலைக்கான அளவு டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் சரியான அளவு. ஓடிச் சூடான டயரில் சில பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும்.

காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகித் தரையில் படும் பரப்பு கூடும். அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில் கூடுவதுதான் அதிகம். வண்டியின் எடை அந்த நீளத்தில் பரவுவதால் மணல் உள்வாங்காது.

முதல் பயிற்சிக்குக் காய்ந்த மணல்தான் நல்ல வாத்தியார். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் செம்மணல் எவ்வளவு பொலபொலவென்று இருக்கும் என்று. (குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி விடக்கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான்.) மணல் தொடங்கும் முன், கெட்டித் தரையிலேயே வண்டியை நிறுத்துங்கள். வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வால்வு நடுவே உள்ள ஊசியை மெல்லிய குச்சியால் அழுத்திக் காற்றை விடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மீட்டரை வைத்துப் பாருங்கள். 18 வந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டயரைப் பாருங்கள்: தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கி நிற்கும். நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

சரளைக்கல் பாதைக்கு 26 அளவில் வைத்தால் குலுக்கல் வெகுவாகக் குறையும். சேற்றுக்கும் பாறைக்கும் 20-22லிருந்து தொடங்குங்கள். மணலுக்கு 18, அதிலும் புதைந்தால் 15. சாதாரண ரிம்மில் அதற்குக் கீழே போக வேண்டாம்; திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும்.

படி 5: குறைந்த காற்றில் ஓட்டும் முறை

வேகம் 30க்குள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். மணலில் நிறுத்த வேண்டுமானால் பிரேக் மிதிக்காமல் வண்டியைத் தானாக ஓடி நிற்க விடுங்கள். பிரேக் அடித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்துவிடும், கிளப்புவது கஷ்டம். சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். அப்புறம் இன்னும் 2 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு முயலுங்கள்.

பாறையில் பலரும் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டப் பார்ப்பார்கள். அங்கேதான் டிஃபரன்ஷியல் (அச்சில் உள்ள கியர் பெட்டி) தொங்குகிறது. கல்லின் மேல் டயரை ஏற்றுங்கள், 4எல்லில், நடைவேகத்தில். கூர்மையான விளிம்பில் பக்கச்சுவர் உரசாதபடி பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம்; தெரியவில்லை என்றால் ஒருவரை இறங்கி நின்று வழி சொல்லச் சொல்லுங்கள்.

படி 6: தார்ச்சாலை ஏறும் முன் காற்று அடியுங்கள்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. 18 பிஎஸ்ஐயில் 80 கிலோமீட்டர் வேகம் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளே நூல் அடுக்கு பிரிந்து, டயர் வெடிக்கலாம். கம்ப்ரசரின் கிளிப்பை நேராக பேட்டரியில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள். பெரிய கம்ப்ரசரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போய்விடும்.

காற்று ஏறும் நேரத்தில் டயரைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே சிக்கிய கல்லைத் தட்டி எடுங்கள். முள்ளோ ஆணியோ தரையில் படும் பகுதியில் குத்தியிருந்தால் பஞ்சர் கிட்டில் உள்ள ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் நூல் தெரியும் அளவுக்கு வெட்டோ, முட்டை போன்ற வீக்கமோ இருந்தால் ஒட்டு வேலைக்கே இடமில்லை. ஸ்டெப்னியை மாட்டி மெதுவாக வீடு வந்து, அந்த டயரைக் கழித்துவிடுங்கள்.

படி 7: தேய்மானம்

8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றுங்கள். ஐந்தும் சமமாகத் தேயும், ஏடி, எம்டி டயர்கள் ஒழுங்கில்லாமல் தேய்ந்து எழுப்பும் இரைச்சலும் தள்ளிப்போகும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும் மாற்ற வேண்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சாலைக்கே லாயக்கில்லை. சேற்றுக்கோ, பாதி தேய்ந்ததுமே பிடி விட ஆரம்பித்துவிடும்.