நடுப்புள்ளியில் காது வைத்தால் உருவம் கேட்கும்: நரம்பணு வலையில் அலை ஓட்டுவது எப்படி?

கறுப்புப் பின்னணியில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள். ஒன்றின் பக்கம் 20 புள்ளிகள், மற்றதன் பக்கம் 40. இரண்டின் நடுவிலும் 3×3 வடிகட்டியை (ஒன்பது புள்ளிகளை மட்டும் பார்க்கும் சிறு சாளரம்) வைத்துப் பாருங்கள்: ஒன்பது புள்ளிகளும் வெள்ளை. எது பெரிய சதுரம் என்று நடுப்புள்ளியால் சொல்லவே முடியாது. படங்களை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்படும் வழக்கமான நரம்பணு வலைகள் அடுக்குமேல் அடுக்கு ஏற்றி இதைச் சமாளிக்கின்றன. இன்னொரு வழி, விளிம்பின் செய்தி அலையாக நடுவுக்கு வந்துசேரும்வரை காத்திருப்பது. விழித்திருக்கும் குரங்கின் பார்வைப் புறணியில் (கண்ணில் படுவதை அலசும் மூளைப் பகுதி) தூண்டல் அலையாகப் பரவுவதை 2014-இல் லைல் முல்லர் குழுவினர் காட்டினார்கள். அப்படியோர் அலையை நாமும் ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான் நிரல்மொழியும், அதில் எண் அணிகளைக் கையாளும் நம்பை (NumPy) தொகுப்பும் போதும்.

1. 64×64 அணியில் சதுரத்துக்குள் 1, வெளியே 0 நிரப்புங்கள். இதுவே படம், இதுவே தொடக்க உயரம். ஒரு நகலை ‘முந்தைய உயரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு புள்ளிக்கும் மேல், கீழ், இடம், வலம் உள்ள நான்கு உயரங்களைக் கூட்டி, அந்தப் புள்ளியின் உயரத்தைப் போல நான்கு மடங்கைக் கழியுங்கள். இது வளைவு.

3. எல்லாம் இந்த வரியில்தான் இருக்கிறது:

புதிய உயரம் = 2 × இப்போதைய உயரம் − முந்தைய உயரம் + 0.25 × வளைவு

இந்த வரியை ஒருமுறை கணக்கிடுவது ஓர் அடி. ஒவ்வோர் அடியிலும் சதுரத்துக்கு வெளியே உள்ளதை மீண்டும் 0 ஆக்குங்கள். பறையின் தோலை விளிம்பில் இழுத்துக் கட்டுவது போன்றது இது. கட்டாவிட்டால் அலை சதுரத்தின் விளிம்பிலிருந்து திரும்பி வராது. அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் 0.25-க்குப் பதில் வேறு எண்ணையும் வைக்கலாம், ஆனால் 0.5-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் சில நூறு அடிகளுக்குள் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும்.

4. ஒவ்வொரு சதுரத்துக்கும் தனியே 1024 அடிகள் ஓட்டி, நடுப்புள்ளியின் உயரத்தை மட்டும் சேகரித்து, ஃபூரியர் உருமாற்றம் (எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையாக இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்யுங்கள். 0 முதல் எண்ணினால், சிறிய சதுரத்தின் உச்சம் 17-ஆவது இடத்தில் நிற்கும், பெரியதற்கு 9. அதாவது சிறியது ஏறக்குறைய 59 அடிக்கு ஒருமுறை அதிர்கிறது, பெரியது 116 அடிக்கு ஒருமுறை. விளிம்பைப் பார்க்காத புள்ளி விளிம்பின் தூரத்தை அறிந்துவிட்டது! முதன்முறை இதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

5. இனி கற்றல். 0.25 என்ற எண்ணைப் படத்திலிருந்து புள்ளிக்குப் புள்ளி ஒரு சிறு வடிகட்டி கணிக்கட்டும். அதிர்வெண் பட்டியலை ஒரு நேரியல் அடுக்குக்கு (எண்களை எடையிட்டுக் கூட்டி விடை சொல்லும் அடுக்கு) கொடுங்கள். நரம்பணு வலைகளைப் பயிற்றுவிக்கும் பைடார்ச் (PyTorch) தொகுப்பில் பயிற்சி தரலாம். கொடுக்கும்போது உச்சங்களின் இடம் மட்டும் போதாது. பறையின் வடிவத்தை ஒலியிலிருந்து அறிய முடியுமா என்று 1966-இல் கணிதவியலாளர் மார்க் காட்ஸ் கேட்டார். வடிவம் வேறாகியும் அதிர்வெண்கள் அச்சாக ஒன்றாயிருக்கும் இரு பறைகளை 1992-இல் கணிதவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒவ்வோர் அதிர்வெண்ணின் வலிமையையும் சேர்த்தே கொடுங்கள்.