மூன்று மணித் தேயும் சட்டைப்பை நோட்டும்

சிங்கப்பூரில் 16 ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். மதியச் சுற்று முடிந்து இறங்கினால் கால் நேராகக் கேன்டீனுக்குப் போகும். கெட்டிப்பால் தே (தேநீர்) ஒன்று, கூடவே தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்த காயா ஜாம் தடவிய ரொட்டி. போன ஆண்டு ரத்தப் பரிசோதனையில் சீனி அளவு எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது. "தேயைக் குறைச்சுக்குங்கண்ணே" என்றார் பலதுறை மருந்தகத் தாதி. அன்றிரவே மனைவியிடம் சத்தியம் செய்தேன். நான்காம் நாள் மீண்டும் குடித்தேன். ஆசை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் பிறகு படித்து, செய்துபார்த்து, எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் விட வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வாங்குமுன் ஆசைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதுங்கள். முதல் வாய் குடித்ததும் ருசிக்கு ஒரு மதிப்பெண், பாதிக் கிளாஸில் இன்னொன்று. என் நோட்டில் பெரும்பாலும் ஆசை 9, முதல் வாய் 8, பாதியில் 4 என்றுதான் இருந்தது. அந்த 4ஐப் பார்த்து நெடுநேரம் யோசித்தேன். இத்தனை ஆண்டுகள் பாதிக் கிளாஸைச் சும்மாவே குடித்திருக்கிறேன்!

இதற்கு அடிப்படை உண்டு. வேண்டும் என்று மனம் இழுப்பதும், கிடைத்தபின் நாக்கு ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். மனதை இழுக்கும் மூளை வேதிப்பொருளான டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் எதிரே இருந்த உணவைக்கூடத் தேடிப் போய்த் தின்னவில்லை. ஆனால் நாக்கில் இனிப்பு நீர் பட்டதும் பழையபடி ரசிப்பை முகத்தில் காட்டின. அப்படியென்றால் இழுப்பு பலமாக இருப்பதாலேயே ருசியும் அவ்வளவு இருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. உங்கள் நோட்டே அதைச் சொல்லும்.

என் இழுப்பில் பெரும்பங்கு, சூடான கிளாஸைப் பிடித்தபடி பத்து நிமிடம் உட்காருவதில் இருந்தது. அதை நான் விடவில்லை. கிளாஸுக்குள் இருப்பதை மட்டும் தே சி கோசோங்காக, அதாவது சீனி போடாமல் ஆவியாக்கிய பால் மட்டும் சேர்த்த தேயாக மாற்றினேன். முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது, உண்மைதான்.

அடுத்தது, "அப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். என் வாக்கியம்: "எஞ்சினை அணைத்ததும் அரைப் புட்டி தண்ணீர் குடிப்பேன், கேன்டீனில் தே சி கோசோங் கேட்பேன்." 'மூன்று மணிக்கு' என்று எழுதினால் எனக்குச் சரிவராது, நெரிசலில் மூன்று மணி எங்கேயோ போய்விடும். கண்ணுக்கோ காதுக்கோ உறுதியாகத் தெரியும் ஒன்றோடு கட்டுங்கள். 'குடிக்க மாட்டேன்' என்று எழுதினால் நாளெல்லாம் அந்தத் தேதான் நினைவில் நிற்கும், செய்யப்போவதை எழுதுங்கள்.

நடைப்பயிற்சிக்கு வேறு வழி. பிடித்ததையும் தள்ளிப்போடுவதையும் சேர்த்துக் கட்டுவது. கேட்டி மில்க்மனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் கேட்க வைத்தார்கள். ஆட்கள் அங்கே கூடுதலாக வந்தார்கள். எனக்குப் பட்டிமன்றப் பேச்சென்றால் உயிர். யீஷூன் குளத்தைச் சுற்றும்போது மட்டுமே கேட்பேன், வீட்டு புளோக் வந்ததும் நிறுத்திவிடுவேன். நடுவர் தீர்ப்புச் சொல்லுமுன் நிறுத்திய நாளுக்கு மறுநாள் யாரும் என்னை எழுப்ப வேண்டியதில்லை.

எத்தனை நாளில் பழகும்? லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில் நடுவில் நிற்கும் எண் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று வித்தியாசப்பட்டது. இடையில் ஒருநாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதல்! தீபாவளியன்று அக்கா வீட்டில் அதிரசமும் கெட்டிப்பால் தேயும் மனம் நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் கேன்டீனில் தே சி கோசோங், நோட்டில் ஆசை 6, ருசி 7.