ஸ்காட்லாந்து மலைச்சாலைகளில் இரண்டு நாள் பைக் பயணம்: முதல்முறை குழுவாகப் போகிறவர்களுக்கு

முன்னால் போன நண்பரின் பின்விளக்கு வளைவில் மறைந்ததும் நம் கை தானாகவே ஆக்சிலரேட்டரைத் திருகும். ஸ்காட்லாந்தின் மலைச்சாலைகளில் குழுவாகப் போகும் புதியவர்களுக்கு ஆபத்து அந்த நொடியில்தான் பிறக்கிறது. தனியாகப் போனால் அந்த வளைவில் நினைத்தே பார்க்காத வேகத்தைக் கூட்டத்தோடு போகும்போது எடுத்துவிடுகிறோம். யாரும் யாரையும் துரத்தத் தேவையில்லாத பயணத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆறு முதல் எட்டுப் பைக்குகள், ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஸ்டர்லிங்கில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு வட்டப்பாதை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உரிமமும் சட்டமும்

இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருகிறவர்கள், தங்கள் ஓட்டுநர் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவு இருந்தால், பிரிட்டனுக்குள் வந்ததிலிருந்து 12 மாதங்கள் வரை அதைக் கொண்டே ஓட்டலாம். இங்கே குடியேறியவர்களுக்கு அந்த 12 மாதங்களோடு சலுகை முடிந்துவிடும். பிறகு பிரிட்டிஷ் உரிமத்துக்கான தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். சிபிடி என்னும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழோடு, 'எல்' பலகை மாட்டிய 125 சிசி வண்டியில் இந்தப் பாதையில் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான இடங்களில் வேக வரம்பு மணிக்கு 60 மைல். ஏற்றத்தில் திணறும் சிறிய வண்டியின் பின்னால் சரக்கு லாரி நெருக்கிக்கொண்டு வந்தால் ஓட்டுகிறவரின் கவனம் முழுவதும் பின்கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

வாடகை பைக் என்றால், குழுவில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் பெயர் எல்லாம் காப்பீட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்தால், நடுவில் தடுப்பில்லாத சாலையில் 60 மைல், அதாவது ஏறக்குறைய 96 கிலோமீட்டர், உச்ச வரம்பு என்று பொருள். எல்லா வளைவிலும் அந்த வேகம் தாங்கும் என்று அந்தப் பலகை சொல்லவில்லை. சாலையின் இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் கொடைக்கானல், ஏற்காடு சாலைகளில் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றை மறக்க வேண்டும்: வளைவுக்கு அப்பால் வருகிறவர் ஹாரன் அடிப்பார் என்று இங்கே காத்திருக்கக் கூடாது.

மது விஷயத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிடக் கண்டிப்பானது. 2014 டிசம்பரிலிருந்து இங்கே வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. ஸ்பே ஆற்றங்கரை விஸ்கிக்குப் பெயர்போன பகுதி. சனி இரவு குடித்தது ஞாயிறு காலையிலும் உடலில் இருக்கக்கூடும் என்பதால், ஞாயிறு மாலை வண்டியை நிறுத்திய பிறகுதான் விஸ்கி என்று குழுவாக முடிவெடுத்துவிடுங்கள்.

2. எப்போது போவது

மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை எனக்குப் பிடித்த காலம். மேற்குப் பகுதியில் மற்ற மாதங்களைவிட மழை குறைவு, வெளிச்சம் இரவு பத்து மணி வரை நிற்கும், மிட்ஜ் எனப்படும் பொடிப்பூச்சிகளின் படையெடுப்பும் முழு வேகத்தை எட்டியிருக்காது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் காற்றில்லாத மாலையில் ஹெல்மெட்டைக் கழற்றினால் அவை முகத்தை மொய்த்துவிடும். செப்டம்பரும் நல்ல மாதம். குளிர்காலம் வேண்டவே வேண்டாம். ஞாயிறன்று நாம் போகும் மலைச்சாலைகளைப் பனி விழும்போது கதவு போட்டே மூடிவிடுவார்கள்.

3. பாதையும் பெட்ரோலும்

சனி: ஸ்டர்லிங், கேலந்தர், லாக்கர்ன்ஹெட், கிரியன்லாரிக், டைன்ட்ரம், பிறகு ஏ82 சாலையில் ரானக் மூர், கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம். அங்கிருந்து ஸ்பீன் பிரிட்ஜ் வந்து ஏ86 சாலையில் லாகன் வழியாக நியூட்டன்மோர், ஏவிமோர், கிராண்ட்டவுன்-ஆன்-ஸ்பே. சுமார் 175 மைல்.

ஞாயிறு: கிராண்ட்டவுன், டொமின்டவுல், லெக்ட் கணவாய், காக்பிரிட்ஜ், பாலட்டர், பிரேமார், கிளென்ஷி, பிளேர்கவுரி, பெர்த், ஸ்டர்லிங். சுமார் 140 மைல்.

நெடுஞ்சாலையில் பழகியவர்களுக்கு இந்தத் தூரம் சிறிதாகத் தோன்றும். நிறுத்தங்கள், பெட்ரோல், சாப்பாடு, மழையுடை மாட்டும் நேரம் எல்லாம் சேர்ந்தால் எட்டுப் பேருக்கு ஒரு பகல் முழுவதும் சரியாக இருக்கும். வார இறுதியில் ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றும், 516 மைல் நீளமுள்ள நார்த் கோஸ்ட் 500 பாதையைச் சுற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்குக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும்.

குழுவில் யாருடைய டேங்க் மிகச் சிறியதோ அவருடைய கணக்கே எல்லோருக்கும் கணக்கு. அவர் நிரப்பும்போது எல்லோரும் நிரப்ப வேண்டும், ஒருவர் விடாமல். டைன்ட்ரம், ஃபோர்ட் வில்லியம், ஏவிமோர் ஆகிய இடங்களில் நிரப்பலாம். கிராண்ட்டவுனிலிருந்து பிளேர்கவுரி வரை 90 மைல். முழு டேங்கோடு புறப்பட்டால் இடையில் எந்தக் கிராமத்து பங்க் மூடியிருந்தாலும் கவலையில்லை.

4. உடை, வண்டி

மழையுடையைப் பையின் மேற்பகுதியில் வையுங்கள், அடியில் புதைக்காதீர்கள். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் மூன்று நல்லவை. இரண்டு ஜோடிக் கையுறைகள் அவசியம், ஏனென்றால் நனைந்த கையுறை இரவுக்குள் காயாது, விறைத்த விரலால் பிரேக்கைப் பிடிக்கவும் முடியாது. டயர் காற்று, சங்கிலி, விளக்கு ஆகிய மூன்றையும் வெள்ளிக்கிழமை மாலையே பார்த்து முடியுங்கள்.

5. புறப்படும் முன் பத்து நிமிடப் பேச்சு

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இதுதான். எல்லோரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக நிற்க வேண்டும். மாட்டிய பிறகு பேசினால் பாதி காதில் விழாது.

முதலில் இரண்டு பேரை நியமியுங்கள். பாதை தெரிந்தவர் முதல் ஆள். குழுவிலேயே அதிக அனுபவமும் பொறுமையும் உள்ளவர் கடைசி ஆள். அவருக்கு மட்டும் பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை. அவரை எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி முறை. திருப்பம் வரும் ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் ஆள் தனக்கு அடுத்து வருகிறவரைப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டுவார். அந்த இரண்டாம் ஆள் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குத் திருப்பத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். மஞ்சள் மேல்சட்டை கண்ணில் படும்வரை அவர் அங்கிருந்து நகரக் கூடாது. பத்து நிமிடம் ஆனாலும், மழை கொட்டினாலும், எல்லோரும் போய்விட்டார்கள் என்று தோன்றினாலும் நகரக் கூடாது. கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் இப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இப்படியே வரிசை சுழன்றுகொண்டே இருக்கும்.

இதன் பயனைப் பாருங்கள். முன்னால் போகிறவர் கண்ணில் தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஒரு மைல் பின்தங்கினாலும் திருப்பம் தவறாது. சந்திப்பில் ஆள் நிற்கவில்லை என்றால் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான். புதியவர் தன் வேகத்தில், தன் மூச்சில் ஓட்டலாம். இந்தச் சுழற்சியில் முதல் ஆளும் கடைசி ஆளும் தவிர மற்றவர்கள் ஒருவரையொருவர் முந்திச் செல்லலாம். ஆனால் முந்துவது எப்போதும் அவரவர் முடிவு. முன்னால் போனவர் ஒரு கேம்பர் வேனை முந்திவிட்டார் என்பதற்காக நீங்களும் முந்தக் கூடாது. அவர் பார்த்த சாலை வேறு, மூன்று நொடி கழித்து நீங்கள் பார்க்கும் சாலை வேறு.

இடைவெளி பற்றியும் சொல்லிவிடுங்கள். நேரான சாலையில் ஒருவர் தடத்தின் வலப்பாதியில், அடுத்தவர் இடப்பாதியில் என்று மாற்றி மாற்றிப் போகலாம். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி. மழையில் அது நான்கு நொடி. வளைவுகள் தொடங்கியதும் இந்த அணிவகுப்பைக் கலைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக, தாராளமாக இடம் விட்டுப் போங்கள்.

6. சனி: வளைவுகளைப் படிப்பது

கேலந்தரைத் தாண்டியதும் லாக் லுப்னைக் ஏரிக்கரையோடு சாலை நெளிந்து போகும். வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி உங்களைவிட்டு விலகி ஓடினால் வளைவு நிமிர்கிறது, வேகத்தைக் கூட்டலாம். அது அசையாமல் நின்றாலோ உங்களை நோக்கி வந்தாலோ வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம்.

மேற்குப் பகுதியின் சில வளைவுகளுக்கு முன்னால் தடத்தில் வாயில்போல் வெள்ளைக் குறிகளை அடுத்தடுத்து வரைந்திருப்பார்கள். இவை பைக் ஓட்டுநர்களுக்காகவே போடப்பட்டவை. அந்த இடைவெளிகள் வழியே போனால் வளைவுக்குள் நுழைய வேண்டிய இடத்துக்கு வண்டி தானே வந்துவிடும்.

டைன்ட்ரத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் ரானக் மூர். மரமற்ற சதுப்புவெளியில் நெடுந்தூரம் நேராக ஓடும் சாலை. இங்கே பக்கக் காற்று திடீரென்று அறையும். தோளைத் தளர்த்தி, கைப்பிடியை இறுக்காமல், முட்டியால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் தடச் சாலை பழக ஆசைப்பட்டால் கிங்ஸ்ஹவுஸ் அருகே கிளென் எட்டிவ் சாலை பிரிகிறது. ஏரி வரை சுமார் 12 மைல் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே 'பாசிங் பிளேஸ்' இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நின்று எதிரே வருகிறவரை அதற்குள் ஒதுங்க விடுங்கள். படம் எடுக்க அதில் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவருக்கு அது தினமும் வேலைக்குப் போகும் பாதை. எட்டுப் பைக்குகள் ஓர் ஒதுங்கிடத்தில் அடங்காது என்பதால் மூன்று நான்கு பேராகப் பிரிந்து, நடுவே நல்ல இடைவெளி விட்டுப் போங்கள்.

கிளென்கோவில் கட்டாயம் இறங்குங்கள். 1692 பிப்ரவரி 13 அன்று மக்டொனால்ட் குலத்தினர் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கு இது. மலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறவர்களால் கார்களும் இங்கே தடுமாறும். ஃபோர்ட் வில்லியமைக் கடந்து ஏ86 வந்தால் போக்குவரத்து குறைந்துவிடும். லாகன் அணையும் ஏரியும் கூடவே வரும். அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு இறங்கும். ஒன்று கடந்தால் இன்னொன்று பின்னால் வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்ட்டவுனில் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஹாகிஸ் என்பது ஸ்காட்லாந்தின் பேர்போன இறைச்சி உணவு; சைவக்காரர்களுக்கு உணவகங்களில் அதன் காய்கறி வகையைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். வெண்ணெயும் சர்க்கரையும் சுண்டிய பாலும் சேர்த்துச் செய்யும் 'டாப்லெட்' என்ற இனிப்பு நம் ஊர்த் திரட்டுப்பாலைப்போல் நாவில் கரையும். சட்டைப்பையில் இரண்டு துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

7. ஞாயிறு: உயரமான சாலைகள்

காலையில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மேலே பலத்த காற்று என்றால் ஏவிமோர் திரும்பி ஏ9 வழியாக இறங்கிவிடுவதில் வெட்கமில்லை. அந்தச் சாலையில் சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு.

டொமின்டவுலுக்குப் பிறகு லெக்ட் கணவாய். 1754-இல் படைவீரர்கள் போட்ட பாதை என்பதற்குச் சாட்சியாக ஒரு கல் அங்கே நிற்கிறது. மார்ச்சிங் போகும் படைக்காகப் போட்டதால், மலையைச் சுற்றாமல் நேராக ஏறி நேராக இறங்கும். சில இடங்களில் ஐந்து அடி போனால் ஓர் அடி ஏறும் அளவுக்குச் சரிவு. இறக்கத்தின் உச்சியிலேயே கியரைக் குறைத்து, என்ஜின் பிடியில் இறங்குங்கள். பாதி வழியில் பிரேக்கைத் தேடாதீர்கள். வழியில் ஆட்டுமந்தை படுத்திருக்கும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் இருந்தால் குட்டி குறுக்கே ஓடும்.

சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த கால்நடைத் தடுப்பு வரும். நனைந்திருந்தால் வழுக்கும். வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மாற்றாமல், நேராகக் கடந்துவிடுங்கள்.

பிரேமார் தாண்டியதும் கெய்ர்ன்வெல் கணவாய், 670 மீட்டர். பிரிட்டனின் முதன்மைச் சாலைகளில் இதைவிட உயரமானது இல்லை. வழுவழுப்பான அகலச் சாலை என்பதால் வேகம் எளிதில் ஏறிவிடும். முதல் ஆள் இங்கேதான் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும்.

8. ஏதாவது நடந்தால்

999 அல்லது 112. மலைகளுக்கிடையே பேச்சுக்கு சிக்னல் கிடைக்காத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. பிரிட்டிஷ் எண் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே 999-க்கு ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று செய்தி அனுப்பிப் பதிவு செய்துகொண்டால், அவசரத்தில் குறுஞ்செய்தி மூலமே உதவி கேட்கலாம். கடைசி ஆளின் பையில் முதலுதவிப் பெட்டியும் டயர் பஞ்சர் சாமான்களும் இருக்கட்டும், ஏனென்றால் யார் நின்றாலும் அவரைத் தாண்டாமல் அங்கே வந்து சேரப்போகிறவர் அவர்தான். பின்னால் ஆள் வரவில்லை என்று தெரிந்தால் எல்லோரும் திரும்பி ஓடாதீர்கள். சந்திப்புகளில் நிற்கிறவர்கள் அப்படியே நிற்கட்டும், முதல் ஆள் மட்டும் திரும்பி வரட்டும்.

9. பிரிவது

பிளேர்கவுரிக்குப் பிறகு சிலர் வேறு வழியில் வீட்டுக்குப் போக நினைப்பார்கள். ஓட்டிக்கொண்டே நழுவிப் போகக் கூடாது. ஒரு நிறுத்தத்தில் கடைசி ஆளிடம் முகத்துக்கு முகம் சொல்லிவிட்டுத்தான் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் சந்திப்பில் நிற்கிறவர் வராத ஒருவருக்காக மழையில் காத்திருப்பார். வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் குழுவுக்கு ஒரு வரி அனுப்பட்டும். எல்லாப் பெயரும் வந்துவிட்டதா என்று பட்டியலைப் பார்த்து முடிக்கும்வரை கடைசி ஆளின் வேலை முடியவில்லை.